உப்புத் தண்ணிக்கு எந்த சோப்பு?

ராமநாதபுரம் கடற்கரையில் பல வீடுகளில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து நிற்கும். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயிலோ, தள்ளுவண்டிக் குடங்களிலோ, லாரியிலோ வருவது. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ உப்புத் தண்ணி. வீட்டுக் கிணற்றிலோ போரிலோ கிடைப்பது. உப்புத் தண்ணியில் போட்ட பருப்பு எவ்வளவு கொதித்தாலும் சரியாக வேகாது, அதில் தலைக்குக் குளித்தால் முடி சிக்குப் பிடிக்கும், துணி சோப்பு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதெல்லாம் இங்குள்ள வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு.

அந்த அறிவு பொதுக் கழிப்பறையின் வாசலோடு நின்றுவிடுகிறது. பேருந்து நிலையம், யாத்திரிகர் விடுதி, பள்ளி, மீன் ஏலக்கூடம் என எங்கே கைகழுவும் தொட்டி வைத்தாலும், அதற்கு மேல் ஒரு டிஸ்பென்சரை மாட்டி, ஐந்து லிட்டர் கேனில் மலிவாகக் கிடைக்கும் ஏதோ ஒரு திரவத்தை ஊற்றுகிறோம். வாங்கும்போது பார்ப்பவை நான்கு: விலை, மணம், நிறம், 'கிருமிகளைக் கொல்லும்' என்ற வாசகம். இந்த நான்கில் எதுவும் கை சுத்தமாகுமா என்பதைத் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது குழாயில் வரும் தண்ணீர். அடுத்தது, சோப்பு இருக்கும் புட்டி. மூன்றாவது, கழுவ வரும் கை. இந்த வரிசையில் கேள்வி கேட்டால் சரியான சோப்பு தானாகவே தெரியவரும்.

மணலுக்கு அடியில்

ராமேஸ்வரம் தீவில் ஆறு கிடையாது. மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. அது மணலில் இறங்கி, ஏற்கெனவே கடல்நீர் ஊறிக் கிடக்கும் அடிமணலின் மேல் தங்குகிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. அதனால் இரண்டும் உடனே கலந்துவிடுவதில்லை. நன்னீர் ஒரு தனி அடுக்காக மேலே மிதக்கிறது. தனுஷ்கோடி மணலில் மீனவர்கள் கையால் தோண்டும் ஊற்றில், சுற்றிலும் கடல் இருக்க, குடிக்கத் தகுந்த தண்ணீர் சுரப்பது இந்த அடுக்கினால்தான். அக்னி தீர்த்தக் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், ராமநாதசுவாமி கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருப்பதும், தங்கச்சிமடம் அருகே கடலுக்குள்ளேயே வில்லூண்டி தீர்த்தம் நன்னீர் தருவதும் இதே இயற்கையின் கொடை.

இந்த அடுக்கின் கணக்கை டச்சுப் பொறியாளர் பாடன் கைபன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ட்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே எழுதினார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதைத் திருப்பியும் படிக்க வேண்டும். மோட்டார் வைத்து உறிஞ்சி நிலத்தடி நீர்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், அடியில் இருக்கும் உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலே ஏறிவரும். விடுதிகள் பெருகிய இடங்களில் போர்த் தண்ணீர் ஆண்டுக்காண்டு கரிப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

சோப்பைப் பொறுத்தவரை நாக்கில் தெரியும் கரிப்பைவிட முக்கியமானவை இரண்டு உலோகங்கள்: கால்சியம், மக்னீசியம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் 400 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன. இந்தக் கரையில் மண்ணுக்கு அடியில் கிடக்கும் பழைய பவளப்பாறையும் சிப்பி மணலும் தம் பங்குக்குக் கால்சியம் தருகின்றன. இவ்விரண்டின் அளவைத்தான் தண்ணீரின் கடினத்தன்மை என்கிறோம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. கடல்நீரின் கடினத்தன்மை 6,000க்கு மேல். ஆக, கிணற்று நீரில் பத்தில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே போதும், 600 என்ற உச்ச வரம்பு தாண்டிவிடும்.

நுரை எங்கே போகிறது?

சோப்பு மூலக்கூறு தலைப்பிரட்டை போன்ற உருவம் கொண்டது. நீண்ட வால் எண்ணெயில் ஒட்டும். சிறிய தலை தண்ணீரில் கரையும். கையில் இருக்கும் எண்ணெய்ப் பசையிலும் அதில் சிக்கியிருக்கும் கிருமியிலும் வால்கள் குத்தி நிற்க, தலைகள் வெளிப்புறமாகத் தண்ணீரைப் பற்ற, அழுக்கு சிறுசிறு உருண்டைகளாகப் பெயர்ந்து வருகிறது. கொரோனா போன்ற கொழுப்பு உறை உடைய வைரஸ்களின் உறையையே இந்த வால்கள் கிழித்துவிடும். ஆனால் பெரும்பாலான கிருமிகளை சோப்பு கொல்வதில்லை. தோலிலிருந்து பிரித்தெடுத்துத் தண்ணீரிடம் ஒப்படைக்கிறது, தண்ணீர் கொண்டுபோகிறது. கைகழுவுவதன் முழுப் பயனும் இந்த ஒப்படைப்பில் இருக்கிறது.

கடினநீரில் அது நடப்பதில்லை. உண்மையான சோப்பு என்பது தேங்காய் எண்ணெய், பனையெண்ணெய், விலங்குக் கொழுப்பு போன்றவற்றிலிருந்து கிடைக்கும் கொழுப்பு அமிலத்தின் உப்பு. கட்டி சோப்பில் அந்தத் தலையோடு சோடியம் சேர்ந்திருக்கும். திரவ சோப்பில் பொட்டாசியம். இரண்டும் தண்ணீரில் கரைபவை. தண்ணீரில் கால்சியமோ மக்னீசியமோ இருந்தால் அது சோடியத்தை விலக்கிவிட்டு, ஒன்றுக்கு இரண்டு சோப்பு மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கிறது. இப்படி உருவாகும் பொருள் தண்ணீரில் கரையாது. திரிந்த பால் மாதிரி வெண்மையாகப் பிரிந்து, வாஷ்பேசினைச் சுற்றிச் சாம்பல் நிற வளையமாகவும் விரலிடுக்கில் பிசுபிசுப்பாகவும் படிகிறது.

எவ்வளவு சோப்பு வீணாகும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள ஒரு லிட்டர் தண்ணீர், நுரை எழும்புவதற்கு முன்பே ஏறக்குறைய மூன்றரை கிராம் சோப்பை விழுங்கிவிடும். டிஸ்பென்சரை ஒருமுறை அழுத்தினால் ஒரு மில்லிலிட்டர் திரவம் வருகிறது, அதில் உண்மையான சோப்பு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவையும் திரியவைக்க அந்தத் தண்ணீரில் சுமார் 40 மில்லிலிட்டர் போதும். ஒரு கை அள்ளும் தண்ணீர் அது. நுரை வரவில்லை என்று பயணி இன்னும் இரண்டு முறை அழுத்துவார். கேன் சீக்கிரம் காலியாகும். நிர்வாகம் 'மக்கள் வீணடிக்கிறார்கள்' என்று டிஸ்பென்சரையே கழற்றிவிடும். பழி மக்கள்மேல் விழுகிறது. தவறு சோப்பின் தேர்வில் இருக்கிறது.

கூடுதல் விலை கொடுத்துத் தரமான சோப்பு வாங்கினால் சரியாகிவிடும் என்று எண்ணுவது இயல்பு. நம் ஊர்க் குளியல் சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்ற சதவீதம் அச்சாகியிருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. 76க்கு மேல் இருந்தால் முதல் தரம். நல்ல தண்ணீரில் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. கடினநீரில் அந்தக் கொழுப்புப் பொருள்தான் திரிகிறது என்பதால், தரம் உயர்ந்ததனால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது.

வாலைக் குறை, அல்லது தலையை மாற்று

வேதியியல் இதற்கு இரண்டு வழிகளைக் கண்டது. முதல் வழி பழையது, தென்னை வழியாக வருவது. உப்புத் தண்ணீர் சோப்புக்கு இன்னொரு வகையிலும் பகை: சோடியம் மிகுந்தால் சோப்பு கரைசலிலிருந்து பிரிந்து மேலே திரண்டுவிடும். சோப்புக் காய்ச்சுபவர்கள் சோப்பைப் பிரித்தெடுக்க உப்புப் போடுவதும் இதனால்தான். நீண்ட வால் உள்ள சோப்புகளே இப்படி எளிதில் பிரிபவை. மாட்டுக்கொழுப்பு, பனையெண்ணெய் சோப்புகளின் வாலில் பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் அணுக்கள். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். அதில் 12 கார்பன் அணுக்கள்தான். வால் குட்டையாக இருப்பதால் உப்புநீரிலும் கரைந்து நுரைக்கிறது. கப்பல் மாலுமிகளுக்குக் கடல்நீரில் குளிக்கத் தயாரித்த சோப்புகள் தேங்காய் எண்ணெயால் ஆனவை. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே வாழ்பவர்களுக்கு இது பயன்படும் செய்தி: கட்டி சோப்புதான் வாங்க முடியும் என்றால், தேங்காய் எண்ணெய் மிகுந்த சோப்பாக வாங்குங்கள். அதுவும் கால்சியத்தோடு ஓரளவு திரியும். ஆனால் மற்றவற்றைவிட நன்றாக உழைக்கும்.

இரண்டாவது வழி, மூலக்கூறின் தலையையே மாற்றுவது. முதல் உலகப் போரில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜெர்மனியில் செயற்கைச் சலவைப் பொருள்களுக்கான தேடல் வேகம் பிடித்தது. அமெரிக்காவில் 1946இல் வந்த 'டைட்' துணி சோப்பின் சந்தையைப் புரட்டிப்போட்டது. இந்தியாவில் 1959இல் 'சர்ஃப்', 1969இல் 'நிர்மா'. இவற்றில் வாலின் முனையில் கொழுப்பு அமிலத் தலைக்குப் பதிலாகக் கந்தகம் சேர்ந்த தலை இருக்கிறது. கால்சியம் வந்து பற்றினாலும் இந்த மூலக்கூறு கரைந்தே இருக்கும். துணி சோப்பு நுரைக்காத போர்த் தண்ணீரில் சலவைத்தூள் மட்டும் பொங்கி நுரைப்பதை இந்தக் கரையின் ஒவ்வொரு வீடும் கண்டிருக்கிறது.

இன்று 'ஹேண்ட்வாஷ்' என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகையே. ஆனால் எல்லாமும் அல்ல என்பதால் பின்பக்கச் சீட்டைப் படிக்க வேண்டும். 'சோடியம் லாரத் சல்பேட்', 'கோகமிடோப்ரோபைல் பீட்டைன்' என்ற பெயர்கள் முன்வரிசையில் இருந்தால் அது கடினநீரைத் தாங்கும். 'பொட்டாசியம் கோகோயேட்', 'பொட்டாசியம் ஓலியேட்' என்று இருந்தால் அது உண்மையான சோப்பு. 'இயற்கை', 'மூலிகை' என்ற பெயரில் வரும் சில திரவங்கள் இந்த வகை. அவை காவிரித் தண்ணீர் வரும் குழாய்க்கு நன்று, உப்புத் தண்ணிக் குழாய்க்கு ஆகாது. 'இ.டி.டி.ஏ.' என்ற பெயர் இருந்தால் அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் துணைப்பொருள். கொஞ்சம் கடினத்தன்மையைச் சமாளிக்க உதவும்.

சீட்டைப் படிக்க முடியாவிட்டால் ஒரு சோதனை போதும். மூடியுள்ள ஒரே அளவுக் கண்ணாடிப் புட்டிகள் இரண்டை எடுத்து, ஒன்றில் பாதியளவு கழிப்பறைக் குழாய்த் தண்ணீரும் மற்றதில் பாதியளவு பிடித்துவைத்த மழைநீரும் ஊற்றுங்கள். இரண்டிலும் வாங்கப்போகும் திரவத்தில் ஐந்து சொட்டு விட்டு, ஒரே மாதிரி குலுக்கி, ஐந்து நிமிடம் வையுங்கள். இரண்டிலும் நுரை நின்று அடியில் தண்ணீர் தெளிந்திருந்தால் வாங்கலாம். குழாய்த் தண்ணீர்ப் புட்டியில் மட்டும் நுரை அடங்கி, வெண்ணிறத் திரள் மிதந்தால் அந்தக் கேனைத் திருப்பி அனுப்பலாம். ஆய்வுக்கூடம் தேவையில்லை, எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டே ஒரு பள்ளி இதைச் செய்துவிட முடியும்.

மீன் தொட்ட கை

இப்போது கைக்கு வருவோம். மண்டபம், பாம்பன் பகுதியில் இறால் உரிக்கும், நண்டுச் சதை எடுக்கும் கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு நாளில் பலமுறை கைகழுவுவது அங்கே கட்டாயம். ஏற்றுமதி விதிகள் அப்படி. கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் தண்ணீரில் மூழ்குகிறார்கள். அப்படியும் பாறை கீறாத விரல் இல்லை. இவர்களுக்கான சோப்பு சுற்றுலாப் பயணிக்கான சோப்பாக இருக்கக் கூடாது.

நம் தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத் தன்மை கொண்டது. பிஹெச் ஐந்தை ஒட்டி இருக்கும். உண்மையான சோப்பு காரம். பிஹெச் ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில். ஒரு நாளைக்கு நான்கு முறை கழுவுபவரின் தோல் அதிலிருந்து மீண்டுவிடும். இருபது முறை கழுவினால் மீள நேரம் கிடைப்பதில்லை. வறண்டு, வெடித்து, உப்பு பட்டவுடன் எரிகிறது. வெடித்த தோலில் கிருமிகளும் எளிதாகத் தங்கும். செயற்கை வகைத் திரவத்தை ஐந்தரை பிஹெச் அளவுக்கு அமைக்க முடியும் என்பது இவர்களுக்குப் பெரிய நன்மை.

மீன் வாடையின் வேதியியலும் இதையே சொல்கிறது. கடல்மீனின் உடலில் இருக்கும் ஒரு பொருளைப் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது டிரைமெத்திலமின் என்ற வாயு வருகிறது. நாம் மீன் வாடை என்பது பெரும்பாலும் இது. இது காரத் தன்மை உள்ள பொருள். கார சோப்பைப் போட்டால் வாயுவாகவே நின்று இன்னும் வீசும். அமிலம் பட்டால் மணமற்ற உப்பாக மாறித் தண்ணீரோடு போய்விடும். மீன் கழுவிய கையைப் புளியாலோ எலுமிச்சைத் தோலாலோ தேய்ப்பது நம் சமையலறை கண்டறிந்த சரியான வேதியியல். மீன் ஏலக்கூடத்துக்கும் நண்டுக் கம்பெனிக்கும் சற்றே அமிலப் பக்கம் சாய்ந்த, கிளிசரின் சேர்ந்த திரவமே பொருந்தும். நறுமணம் மிகுந்தது வேண்டாம். வெடித்த தோலுக்கு வாசனைப் பொருள்கள் ஒவ்வாமை தரலாம்.

செயற்கை வகைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கடினநீரில் கழுவும்போது சோடியம் லாரில் சல்பேட் தோலில் அதிகமாகத் தங்கி எரிச்சல் தருவதைக் கண்டார்கள். ஆகவே அந்தக் கடுமையான லாரில் வகையைத் தவிர்த்து, சற்று மென்மையான லாரத் வகையும் பீட்டைனும் சேர்ந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; குறைவாகப் போட்டு நன்றாக அலச வேண்டும்.

புட்டிக்குள் வளர்வது

சோப்பு என்றால் அதில் எதுவும் வாழாது என்று நம்புகிறோம். தண்ணீர் கலந்த திரவ சோப்பில் பாக்டீரியா வாழும், பெருகும். தயாரிப்பாளர் சேர்த்த பதனப்பொருள்தான் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. மூடியைத் திறந்து மேலே மேலே ஊற்றி நிரப்பும் டிஸ்பென்சரில், அடியில் கிடக்கும் பழைய திரவம் ஒருபோதும் முழுவதும் காலியாவதில்லை. சுவரில் வழுவழுப்பான பாக்டீரியாப் படலம் உருவாகிறது. அதன்மேல் ஊற்றும் புதுத் திரவத்துக்கும் அது தொற்றுகிறது.

அமெரிக்காவில் 2011இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதை எண்ணிக் காட்டின. பொது இடங்களில் மேலிருந்து நிரப்பும் டிஸ்பென்சர்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒன்றில் பாக்டீரியா மிகுந்திருந்தது. இன்னோர் ஆய்வு ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்தது. அங்கே மாசடைந்த சோப்பால் கழுவிய மாணவர்கள், ஆசிரியர்களின் கைகளில் ஒரு வகைப் பாக்டீரியா, கழுவுவதற்கு முன்பு இருந்ததைவிட 26 மடங்கு கூடியது. சீலிட்ட பை பொருத்திய டிஸ்பென்சருக்கு மாற்றியபின், கழுவியதும் பாதியாகக் குறைந்தது. ஆய்வாளர்களில் சிலர் சீலிட்ட பைகளை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எனினும் நுண்ணுயிரியலின் தர்க்கம் அவர்கள் பக்கமே நிற்கிறது.

நம் கரையில் இந்த ஆபத்து கூடுதல். ஆண்டு முழுவதும் வெப்பம். அதோடு, கேன் நீண்டநாள் வர வேண்டும் என்று குழாய்த் தண்ணீரைக் கலக்கும் வழக்கம். கலந்த உடனே பதனப்பொருளின் வலிமை குறைகிறது, தண்ணீரில் உள்ள பாக்டீரியாவும் சேர்கிறது. திரவம் பொட்டாசிய சோப்பாக இருந்தால் உப்புத் தண்ணி பட்டுப் புட்டிக்குள்ளேயே திரிந்து பம்பின் துளையை அடைக்கும். லாரத் சல்பேட் வகையாக இருந்தால் வேறொன்று நடக்கும். அந்தத் திரவங்களைக் கெட்டியாக்கத் தொழிற்சாலையில் சேர்ப்பதே சாதாரண உப்புதான். ஓரளவு வரை உப்பு கூடினால் கெட்டியாகும், அந்த எல்லை தாண்டினால் நீர்த்துவிடும். எனவே உப்புத் தண்ணி கலந்த திரவத்தின் கெட்டித்தன்மையை வைத்து அதன் வலிமையை மதிப்பிட முடியாது.

வழி மூன்று. பணம் இருந்தால் சீலிட்ட பை மாட்டும் டிஸ்பென்சர். அது கட்டாது என்றால் திறந்து நிரப்பும் வகையே இருக்கட்டும். ஆனால் ஒரு விதி மாறக் கூடாது: முழுவதும் காலியாக்கி, கழுவி, காயவைத்து, அதன்பிறகே நிரப்ப வேண்டும். மீதியின்மேல் ஊற்றவே கூடாது. தண்ணீர் கலக்கவே கூடாது. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு புட்டிகள் வாங்கினால் ஒன்று காய்ந்துகொண்டிருக்கும்போது மற்றது வேலை செய்யும்.

மூன்றாவது வழி கட்டி சோப்பு. பலர் தொட்ட சோப்பைத் தொடுவதில் நமக்குத் தயக்கம் உண்டு. 1988இல் ஹைன்ஸ், யாகோவிச் என்ற இரு ஆய்வாளர்கள், வழக்கத்தில் காணப்படுவதைவிடப் பல மடங்கு பாக்டீரியாவைக் கட்டி சோப்பில் தடவி 16 பேரைக் கழுவச் சொன்னார்கள். ஒருவர் கைக்கும் அது கண்டறியும் அளவுக்கு ஏறவில்லை. அவர்களும் சோப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே. ஆனாலும் ஓடும் தண்ணீரில் தேய்த்து அலசும்போது மேற்பரப்பு கழுவப்பட்டுவிடும் என்பது எளிதில் விளங்கும். சோப்பு காயவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தண்ணீர் தேங்கும் கிண்ணத்தில் ஊறும் சோப்பு கெடும். மீன்வலைத் துண்டில் பை தைத்துக் குழாயருகே தொங்கவிட்டால் நீர் வடிந்து காயும், காணாமலும் போகாது. சிறிய பள்ளிகளுக்கு, இந்தக் கரையில் கைக்கெட்டும் பொருளால் செய்யக்கூடிய நல்ல டிஸ்பென்சர் இது.

நுரையாகவே வெளிவரும் டிஸ்பென்சர்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அவை ஒரு அழுத்தலுக்கு அரை மில்லிலிட்டர் அளவே செலவழித்து, பம்புக்குள்ளேயே காற்றைக் கலந்து நுரையாக்குகின்றன. கையில் பரவ எளிது, அலசத் தண்ணீர் குறைவாகப் போதும். லாரித் தண்ணீர் வாங்கும் ஊருக்கு இது சின்ன லாபம் இல்லை. ஆனால் அதற்கென்றே செய்த நீர்த்த திரவத்தை மட்டும் ஊற்ற வேண்டும். கெட்டித் திரவத்தை ஊற்றினால் பம்பு அடைத்துக்கொள்ளும்.

'கிருமிநாசினி' என்ற சொல்லுக்கு எவ்வளவு விலை?

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். காலரா, அம்மை, பிளேக் கடல் தாண்டிவிடக் கூடாது என்ற அச்சம். நாடெங்கிலுமிருந்து யாத்திரிகர்கள் கூடும் ராமேஸ்வரத்தில் அந்த அச்சத்துக்கு நியாயம் இன்றும் உண்டு. ஆனால் மருந்து சேர்த்த சோப்பு அதற்கு விடையா?

கராச்சியின் குடிசைப் பகுதிகளில் ஸ்டீபன் லூபி குழுவினர் நடத்தி 2005இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. சில வீடுகளுக்குச் சாதாரண சோப்பு, சில வீடுகளுக்குக் கிருமிநாசினி சோப்பு, இரண்டுக்கும் கைகழுவும் பயிற்சி. சாதாரண சோப்பு பெற்ற வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியா 50 சதவீதமும், பதினைந்து வயதுக்குட்பட்டோரிடம் வயிற்றுப்போக்கு 53 சதவீதமும் குறைந்தன. கிருமிநாசினி சோப்பு பெற்றவர்களுக்கு அதைவிடக் கூடுதல் பயன் இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016 செப்டம்பரில் டிரைக்ளோசன், டிரைக்ளோகார்பன் உட்பட 19 பொருள்களை வீட்டுக் கைகழுவும் சோப்புகளிலிருந்து விலக்கியது. சாதாரண சோப்பைவிட அவை மேல் என்பதற்குத் தயாரிப்பாளர்கள் போதிய சான்று தரவில்லை. அறுவை அறைக்குக் கிருமிநாசினி வேண்டும். பேருந்து நிலையத்துக்கு நல்ல சோப்பும் நிற்காத தண்ணீரும் போதும்.

கடலுக்கும் இதில் பங்குண்டு. டிரைக்ளோசன் நீரிலுள்ள பாசிகளுக்கு நஞ்சு. மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. பாக் விரிகுடாவில் ஆவுளியா எனும் கடற்பசுவுக்கான காப்பகம் 2022இல் வந்தது. பவளமும் கடற்புல்லும் பாசியும் இந்தக் கரையின் வாழ்வாதாரம். மேலும், தீவில் கழிவுநீர் பெரும்பாலும் போவது மணலுக்குள். மணலுக்கு அடியில் இருப்பது அந்த மெல்லிய நன்னீர் அடுக்கு. இன்று வாஷ்பேசினில் வழிந்தோடுவது ஒருநாள் அதே ஊரின் கிணற்றில் ஊறும். எளிதில் மட்கும், டிரைக்ளோசன் இல்லாத, சாயமும் வாசனையும் குறைந்த திரவத்தைக் கேட்டு வாங்குவது நம் கிணற்றுக்கு நாம் செய்யும் கடமை.

பெட்டியும் வாங்கும் பட்டியலும்

டிஸ்பென்சர் பெட்டியைக் கடற்காற்று தின்னும். காற்றில் வரும் உப்புத் துளியிலுள்ள குளோரைடு, சாதாரண 304 வகை எவர்சில்வரிலும் புள்ளிப்புள்ளியாக அரிப்பை உண்டாக்கும். மாலிப்டினம் சேர்ந்த 316 வகை தாங்கும், விலை அதிகம். கடற்கரைக் கழிப்பறைக்கு நல்ல ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் போதும், உள்ளே உள்ள ஸ்பிரிங் துருப்பிடிக்காததா என்று கேட்க வேண்டும். கை நீட்டினால் தானே ஊற்றும் மின்கல வகையில் தொடர்புமுனைகள் உப்பால் பச்சை பிடிக்கும். பராமரிக்க ஆள் இருந்தால் மட்டும் வாங்கலாம்.

சுருக்கமாகச் சொல்வதானால்: யாத்திரிகர் கழிப்பறைக்கும் பேருந்து நிலையத்துக்கும், லாரத் சல்பேட் வகை நுரைத் திரவம், சீலிட்ட பை, பூட்டுள்ள பிளாஸ்டிக் பெட்டி. இறால், நண்டுக் கம்பெனிக்கு, மணமற்ற, அமிலப் பக்கம் சாய்ந்த, கிளிசரின் சேர்ந்த திரவம். சிறிய விடுதிக்கு, அதே வகைத் திரவமும் மாற்றி மாற்றிக் கழுவும் இரண்டு புட்டிகளும். பள்ளிக்கு, வலைப்பையில் தொங்கும் தேங்காய் எண்ணெய் சோப்பு. குழாயில் காவிரி நீர் வருமானால் எந்த நல்ல சோப்பும் சரி.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மென்மையான தண்ணீர் வரும் ஊருக்கும் ராமேஸ்வரத்துக்கும் ஒரே கேனை ஒரே ஒப்பந்தத்தில் வாங்கினால் இரண்டில் ஓர் ஊரின் பணம் வீணாகும். அதைவிட மோசம், அந்த ஊரின் கைகள் கழுவப்படாமலே போகும். சோறு பிசைந்து உண்ணும் கை, குழந்தைக்கு ஊட்டும் கை, அன்னதானத்தில் பரிமாறும் கை அவை. நகராட்சியோ பள்ளியோ விடுதியோ, கொள்முதல் ஆணையில் ஒரே ஒரு வரியைச் சேர்க்கட்டும்: 'எங்கள் குழாய்த் தண்ணீரில் குலுக்கிக் காட்டிய பிறகே பணம் தரப்படும்.' இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.